நிமிர்ந்து நின்ற சீர் வண்டி

பாரம் ஏற்றினால் வண்டி குந்தும். பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிற பட்டை வளையும், முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். எங்கள் பக்கத்து மண்டிக்காரர்களுக்கு அது போதும். தூரத்தில் வண்டி வரும்போதே இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். இத்தனை மூட்டை என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

நான் பிக்கப் ஓட்டுகிறேன். சொந்த வண்டி. பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம், மக்காச்சோளம். ஆண்டிமடம் பக்கம் போனால் முந்திரிக்கொட்டை. நடுவில் வீடு மாற்றுகிற சாமான், சீர் சாமான். எது கிடைத்தாலும் ஏற்றுவேன்.

வெங்காய சீசனில் கொஞ்சம் கூடத்தான் ஏற்றுவோம். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த வண்டிக்காரன் ஏற்றிக்கொண்டு போவான். குந்தின வண்டியை ஓட்டுவது கஷ்டம். முன்சக்கரம் தரையில் பதியாது, ஸ்டீரிங் லேசாகிவிடும். லைட் ரோட்டைப் பார்க்காமல் மர உச்சியைப் பார்க்கும். எதிரே வருகிறவன் கண் கூசித் திட்டிக்கொண்டே போவான்.

ரஞ்சன்குடி தாண்டி ஒரு நாள் பட்டை முறிந்தது. பெரம்பலூர் பட்டறைக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். முறிந்ததை மாற்றிவிட்டு இன்னொரு பட்டை சேர்த்துக் கட்டச் சொன்னேன். பட்டறைக்காரர் வேண்டாம் என்றார். பட்டை கூடினால் காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடும், பலூன் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். ரப்பர் பை. பக்கத்துக்கு ஒன்று, சேசிஸுக்கும் அச்சுக்கும் நடுவில் உட்காரும். பாரம் ஏறினால் காற்று அடிக்க வேண்டும், இறக்கினால் காற்றைக் குறைக்க வேண்டும். ட்யூபில் இருக்கிற மாதிரியே பக்கத்துக்கு ஒரு வால்வு.

போட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஒண்ணு மனசுல வச்சுக்கங்கண்ணே. இது வண்டிய நிமித்தும், அவ்ளோதான். வண்டிக்குப் பலம் குடுக்காது. நிமிந்து நிக்குதேன்னு இன்னும் நாலு மூட்டய ஏத்துனீங்கன்னா அச்சு போயிரும். அப்பறம், காத்த எறக்குறப்ப ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா எறக்குங்க. ஒரு பக்கமே விட்டா சாஞ்சுரும்."

தலையாட்டினேன். கேட்ட மாதிரிதான் இருந்தது.

பலூன் போட்ட பிறகு ஓட்டுவதற்கு நன்றாக இருந்தது. முழு லோடு ஏற்றினாலும் வண்டி நேராக நிற்கும். வெங்காய மண்டியில் "என்னண்ணே, அரை லோடுதானா?" என்று கேட்பார்கள். ஒன்றும் சொல்ல மாட்டேன். தார்ப்பாயை அவிழ்த்துக் காட்டுவேன். ஏமாந்துபோய்ச் சிரிப்பார்கள். எனக்கு அது விளையாட்டாக இருந்தது.

சீர் வண்டியையும் எங்கள் பக்கம் இப்படித்தான் பார்ப்பார்கள். பெண்கள் பீரோவையும் பாத்திரத்தையும் பார்ப்பார்கள். ஆண்கள் பின்சக்கரத்தைப் பார்ப்பார்கள். குந்தி வந்தால் கனமான சீர். நிமிர்ந்து வந்தால், தகரம் ஏற்றி வந்திருக்கிறான் என்று பேசுவார்கள். வாடகைக்குச் சீர் ஏற்றிப் போன இடங்களில் நானும் அந்த மாதிரிப் பேசியிருக்கிறேன். டீக்கடையில் நின்று, அடுத்தவன் பெண்ணுடைய சீரை. அப்போது அது ஒரு பேச்சு. அவ்வளவுதான்.

என் மகளுக்கு ஆண்டிமடம் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை. அப்பா இல்லாத பிள்ளை. அம்மாவும் தாய்மாமனும்தான் எல்லாம். தாய்மாமன் முந்திரி மண்டி வைத்திருக்கிறார். நல்ல மனுஷன். வாய் மட்டும் நீளம்.

கல்யாணம் தை மாதம். முதல் நாள் சீர் போக வேண்டும். வண்டிக்கு வெளியே சொல்லவில்லை. என் பெண்ணுடைய சீரை என் வண்டியில் நானே கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தேன்.

அடியில் எங்கள் காணியில் விளைந்த நெல் மூட்டைகளைப் போட்டேன். அதற்கு மேலே கிரைண்டர், வாஷிங் மெஷின், தேக்குக் கட்டில், சாக்கில் கட்டிய எவர்சில்வர். பித்தளை அண்டாவும் குடங்களும் என் மனைவி சேர்த்துச் சேர்த்து வைத்தவை. பரணில் இருந்ததை இறக்கிப் புளி போட்டு அவளே தேய்த்தாள். இடது பக்க ஓரத்தில் பீரோவை நிறுத்தினேன். ஆள் உயரக் கண்ணாடி வைத்த பீரோ. பெரம்பலூர் கடையில் மகள் பார்த்து எடுத்தது. கடையில் அந்தக் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். அதற்குப் போர்வை சுற்றி, பக்கத்தில் கட்டிலின் தலைப்பலகையைச் சாத்தி, கயிறு போட்டு இழுத்துக் கட்டினேன்.

பாரம் நிறையத்தான். வண்டி நன்றாகக் குந்தியது. அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி ஓடி ஓடிப் பள்ளம் கிடக்கும். சாமான் குலுங்கக் கூடாது, ஒரு கீறல் விழக் கூடாது என்று இரண்டு பலூனுக்கும் காற்று அடித்தேன். வண்டி எழுந்து நேராக நின்றது. சுற்றி வந்து பார்த்தேன். திருப்தியாக இருந்தது.

மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். சொந்தக்காரர்கள் பின்னால் வேனில் வந்தார்கள். அரியலூர் தாண்டி, உடையார்பாளையம் தாண்டி, மெதுவாகப் போனேன். ஒரு பாத்திரம்கூடச் சத்தம் போடவில்லை.

மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனையில் ஒரு பிள்ளையார் கோயில். சீர் வண்டி அங்கே நிற்க வேண்டும். அவர்கள் வீட்டுப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்து அழைத்த பிறகுதான் தெருவுக்குள் நுழையலாம். நிறுத்தினேன். மேளக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் மண்டி ஆட்களோடு முதலில் வந்தார். ஆட்களில் ஒருவரை எனக்குக் காட்டினார். மூட்டை தூக்குகிறவர். என் வயதுதான் இருக்கும். இவன் கை வைத்தால் விளங்கும், வருஷா வருஷம் மண்டியில் முதல் மூட்டையை இவன்தான் தூக்குவான், அதனால்தான் சீர் இறக்கக் கூட்டிவந்தேன் என்றார். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டி மேலே ஏறினார். கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். சீர் தெருவுக்குள் நுழையும்போது கண்ணாடி வெளியே தெரிய வேண்டும் என்பது அங்கே வழக்கம். பீரோவைச் சுற்றியிருந்த போர்வையையும் எடுத்தார்.

தாய்மாமன் வண்டியை ஒரு சுற்று சுற்றினார். பின்சக்கரத்துக்கிட்டே வந்து குனிந்து பட்டையைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"என்ன சம்பந்தி, வண்டி பட்டாளத்துக்காரன் மாதிரி விறைப்பா நிக்குது? பீரோவ தெர்மாகோல்ல செஞ்சிட்டீங்களா?"

மண்டி ஆட்கள் சிரித்தார்கள். அண்டாவுக்கு உள்ளே காற்றை ஊதி வைத்திருப்பார்கள் என்றான் ஒருவன். அதற்கும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சம்பந்தி முறைக்குக் கேலி செய்கிறார்கள். எனக்குத் தெரியும். ஆனால் என் மனைவி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் கண்ணாடி இறக்கி விட்டிருந்தது. அவள் இறங்கவில்லை. மடியில் இருந்த தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலூன் போட்டிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வெங்காய மண்டியில் அவிழ்த்துக் காட்டுகிற மாதிரி இங்கேயும் காட்டியிருக்கலாம். வாய் வரவில்லை. என் சீர் கனம் என்று நானே எப்படிச் சொல்வது? வண்டி சொல்லட்டும் என்று நினைத்தேன்.

டயர் பார்க்கிற மாதிரி வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தினேன். இடது பக்க வால்வின் மூடியைக் கழற்றினேன். சாவி முனையால் ஊசியை அழுத்தினேன். காற்று சீறியது. மேளக்காரர் அப்போதுதான் தவிலைத் தட்டிப் பார்த்தார். யாருக்கும் கேட்டிருக்காது. மாற்றி மாற்றி இறக்க வேண்டும் என்பது நினைவில் இல்லை. ஆரத்தி வருவதற்குள் முடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. அந்த இடத்தில் ரோடும் இடது பக்கம் சாக்கடையைப் பார்த்துச் சரிவு.

வண்டி இடது பக்கமாக உட்கார்ந்தது. மேலே கயிறு தளர்ந்திருந்தது. கட்டில் பலகை நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு பீரோ ஆடியது. மேலே நின்றவர் பாய்ந்து பீரோவைப் பிடித்தார். அவர் பிடிக்காவிட்டால் பீரோ கீழே ரோட்டில், என் மேலேதான் விழுந்திருக்கும். பலகையின் மூலை போய்க் கண்ணாடியில் இடித்தது. மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு விழுந்தது. ஒரு துண்டு பெயர்ந்து அவர் உள்ளங்கையைக் கிழித்தது.

நான் எழுந்தேன். எல்லோரும் மேலே பார்த்தார்கள். அவர் கை கண்ணாடியில் இருந்தது. ரத்தம் கண்ணாடியில் வழிந்தது. சம்பந்தியம்மா ஆரத்தித் தட்டோடு தெருவிலிருந்து வெளியே வந்தது அந்த நேரம்தான்.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. தட்டைப் பிடித்தபடி நின்றார். பிறகு மெதுவாக, "நல்ல காரியத்துல கண்ணாடிய ஒடச்சிட்டியேடா, படுபாவி" என்றார்.

தாய்மாமன் மூட்டைக்காரரைக் கீழே இறங்கச் சொல்லித் திட்டினார். கூட்டிவந்தது தப்பு என்றார். அவர் இறங்கினார். துண்டைக் கையில் சுற்றிக்கொண்டார். வண்டி காலுக்குக் கீழே இறங்கியது அவருக்குத் தெரியாமல் இருக்காது. என்னைப் பார்த்தார். என் கையில் வால்வு மூடி இருந்தது. அதையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வண்டி சாய்ந்து நிற்கக் கூடாது என்று வலது பக்கக் காற்றையும் இறக்கினேன். வண்டி பின்னால் நன்றாகக் குந்தியது. கண்ணாடியின் மேல் பட்டுத் துணியைப் போட்டு மூடினார்கள். மேளம் அடித்தது. தெருவுக்குள் போகும்போது யாரோ ஒருவர் சொன்னார்: "இப்பப் பாரு, பாரம் தெரியுது. கனமான சீருதான்."

நான் கேட்க நினைத்த பேச்சு அதுதான். கேட்டேன்.

திரும்பி வரும்போது மனைவி அரியலூர் வரை பேசவில்லை. அரியலூர் பைபாஸில், "காத்தயா எறக்குனீங்க?" என்றாள். "ம்" என்றேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பெரம்பலூர் வந்து வீட்டு வாசலில் நிறுத்தும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. மூட்டைக்காரரைப் பந்தியில் தேடினேன். வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

மகள் அங்கே போன பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாவது போனில் பேசுவாள். சம்பந்தியம்மா அவளை நன்றாகத்தான் வைத்துக்கொண்டார். கண்ணாடி உடைந்ததை அவள் மேல் போடவில்லை. எல்லாம் அந்த ஆளுடைய கையால் வந்தது என்று நம்பினார். பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும் அவர் கை. மாப்பிள்ளை பைக்கில் இருந்து விழுந்து முட்டி தேய்ந்தாலும் அவர் கை. வீட்டு வாசல்படி ஏற விடுவதில்லை. மாசி முடியும்போது மகள் சொன்னாள்:

"பாவம்ப்பா அவரு. முதல் மூட்ட இந்த வருசம் அவருக்கு இல்லயாம். அத்ததான் மண்டி மாமாகிட்ட சொல்லிட்டாங்க. பதினஞ்சு வருசமா அவருதான் தூக்குனாராம். இப்ப மண்டியில எல்லாரும் அவர ஒரு மாதிரி பாக்குறாங்க. மத்த மண்டிலயும் கூப்புட மாட்டேங்குறாங்களாம்."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன்.

சொல்லியிருக்கலாம். போனிலேயே சொல்லியிருக்கலாம். நினைத்துப் பார்த்தேன். சொன்னால் அந்த ஆள் கை சுத்தமாகிவிடும். ஆனால் கண்ணாடியை உடைத்தது பெண் வீடு என்று ஆகும். அதற்கப்புறம் பால் பொங்கி அடுப்பு அணைந்தால் யார் மேல் விழும்? அவள் அங்கே இருக்க வேண்டியவள். இப்படி நினைத்து வாயை மூடிக்கொண்டேன். மகளுக்காக என்று சொல்லிக்கொண்டேன். பாதி அப்படித்தான். மீதிப் பாதி, ஏன் காற்றை இறக்கினாய் என்று யாராவது கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயம்தான்.

பங்குனியில் முந்திரி வர ஆரம்பித்தது. முதல் லோடுக்குத் தாய்மாமன் என் வண்டியைக் கூப்பிட்டார். சம்பந்தி வண்டியில் போனால் நல்லது என்றார். போனேன்.

மண்டி வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். என் வண்டிக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டார்கள். சம்பந்தியம்மாவும் வந்திருந்தார். மூட்டைக்காரர் ஆட்களுக்குப் பின்னால், சுவர் ஓரமாக நின்றார். உள்ளங்கையில் தழும்பு ஏறியிருந்தது. என்னைப் பார்த்து, சாப்டீங்களாண்ணே என்றார். சாப்பிட்டேன் என்றேன். தேங்காய் உடைத்தார்கள். தாய்மாமன் வேறொருவனைக் கூப்பிட்டார். சின்ன வயசுக்காரன். அவனும் இவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போனான். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரை வந்தது. மூட்டை அவன் தோளில் ஏறியது. என் வண்டியில் இறங்கியது. எல்லோரும் கும்பிட்டார்கள். அதற்கப்புறம்தான் எனக்கு வாய் திறந்தது.

"அவரு கை இல்ல" என்றேன்.

தாய்மாமன் புரியாமல் பார்த்தார். எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. வண்டிக்குப் பின்னால் வரச் சொன்னேன். பலூனில் கொஞ்சம் காற்று இருந்தது. சாவியால் இடது வால்வை அழுத்தினேன். சீறியது. வண்டி ஒரு பக்கம் இறங்கியது. மேலே இருந்த மூட்டை லேசாகச் சாய்ந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. வண்டி குந்துவதையே பார்த்துப் பிழைத்தவர்.

"ஏன் எறக்குனீங்க?" என்றார்.

"சிரிச்சீங்க" என்றேன்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தியம்மா என்னைப் பார்க்கவில்லை, அந்த ஆளையும் பார்க்கவில்லை. கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். தாய்மாமன் ரொம்ப நேரம் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூட்டைக்காரரிடம், "வா, நீ ஒண்ணு எடுத்துப் போடு" என்றார்.

அவர் வரவில்லை.

"தேங்கா ஒடச்சாச்சு முதலாளி. கும்புட்டாச்சு. இனி எடுத்தா அது ரெண்டாவது மூட்டதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ரெண்டாவது மூட்டையை எடுத்துக்கொண்டு வந்து போட்டார். மூணாவதையும் போட்டார். லோடு முடியும்வரை தூக்கினார். கடைசியில் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "காத்து அடிச்சுக்கங்கண்ணே, நல்லா குந்திருச்சு" என்றார்.

அவரிடம் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மகள் அன்று சாயங்காலம் போன் செய்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ப்பா" என்றாள். "எல்லார் முன்னாடியும் போயி…" என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. அத்தை ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம், ஆனால் இவளோடு பேசவும் இல்லையாம். வைத்துவிட்டாள்.

அப்புறம் சம்பந்தியம்மா கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்திருக்கிறார். அந்த ஆளை வாசல்படி ஏற விடுகிறார்களாம். மகள்தான் கூப்பிட்டுக் காபி கொடுக்கிறாள். பீரோக் கண்ணாடியை மட்டும் இன்னும் மாற்றவில்லை. மாற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாம், நீங்கள் செய்ய வேண்டாம் என்றாள். அந்தக் கோடு விழுந்த கண்ணாடியில்தான் தலை வாருகிறாள்.

இந்த சீசன் முழுக்க முதல் மூட்டை தூக்கியவன் பெயர்தான் மண்டியில் ஓடியது. நல்ல விளைச்சல். அது அவன் கைராசி என்றார்கள். அது இவருக்கு வர வேண்டிய பேர்.

வண்டியில் சீர் ஏற்றுவதை விட்டுவிட்டேன். கேட்டு வருகிறவர்களிடம் வேறு வண்டி சொல்லிவிடுகிறேன். டீக்கடையில் அடுத்தவன் சீர் வண்டியைப் பற்றி யாராவது பேசினால் எழுந்து போய்விடுகிறேன்.

போன வாரம் ஆண்டிமடம் போயிருந்தேன். மூட்டைக்காரர் மண்டி வாசலில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த பங்குனியில் தாய்மாமன் கூப்பிட்டால் நீங்கள்தான் தூக்க வேண்டும், என் வண்டியில்தான் போட வேண்டும் என்று கேட்டேன். காற்று இல்லாமல் வருகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் கோணி ஊசியை இழுத்து நூலைக் கடித்தார். அடுத்த சாக்கை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். பதில் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.